பதினொரு நிமிடப் பறப்பு

அத்தியாயம் 6

வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனுக்கு எதிர்ச் சந்தில், மிளகாய்த்தூள் வறுத்து அரைக்கும் கடைக்குப் பின்னால் யோகாவின் துப்பறியும் அலுவலகம் இருந்தது. துப்பறியும் அலுவலகம் என்று வெளியே எழுதியிருக்கவில்லை. 'யோகா கன்சல்டன்சி' என்று மட்டும் போட்டிருந்ததால், மாதத்துக்கு இரண்டு பேராவது பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்து வகுப்பு எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது. காப்புறுதிக் கம்பனி ஒன்றில் பொய்க் கழுத்துவலிகளைக் கண்டுபிடித்துக் களைத்துப் போய், அந்த வேலையை விட்டு, இப்போது பொய் மாப்பிள்ளைகளைக் கண்டுபிடித்துக் களைத்துக்கொண்டிருந்தாள். உதவியாளன் கிரண் கோயம்புத்தூர்க்காரன். நாற்பது தாண்டியவன். இரண்டு ஐ.டி. கம்பனிகள் அவனை வீட்டுக்கு அனுப்பிய பிறகு இங்கே ஒதுங்கினான். காரும் நாக்கும் அவன் கொண்டுவந்த மூலதனம். இரண்டுக்கும் பிரேக் குறைவு.

அந்தச் சனிக்கிழமை காலை ஜெயரட்ணம் உள்ளே வந்தபோது யோகா முதல் தேத்தண்ணியைக்கூட முடித்திருக்கவில்லை.

வந்தவர் உட்காருவதற்கு முன் தன் முகவரி அட்டையை மேசையில் வைத்தார். பொறியியலாளர், ஓய்வு, தலைவர், முன்னாள் தலைவர், ஸ்தாபகத் தலைவர், போஷகர் என்று பட்டங்கள் வரிசையில் நின்றதில், தொலைபேசி இலக்கம் இடம் கிடைக்காமல் பின்பக்கம் போயிருந்தது. எழுத்துகளுக்குப் பின்னால் மங்கலாக ஒரு சின்ன விமானம். அதன் இறக்கையில் கையை வைத்தபடி, கழுத்துப்பட்டி கட்டிய இளவயது ஜெயரட்ணம்.

"என்னை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"ஓம்," என்றாள் யோகா. தெரியாமல் இருக்க வழியில்லை. எந்தக் கலியாணத்துக்குப் போனாலும், எந்த அறுபதாவது பிறந்தநாளுக்குப் போனாலும், சோறு போடுவதற்கு முன் இந்த மனிதர் ஒலிவாங்கியைப் பிடித்து ஆஸ்திரேலியாவின் வடக்கு முனைக்குப் பறந்துவிடுவார். சாலை முடிந்த பிறகும் தள்ளியிருக்கும் பழங்குடி மக்களின் ஊர்கள், ஆறு பேர் ஏறும் விமானம், கீழே வாய் பிளந்த முதலைகள். முதலை வந்தால் பேச்சு முடியப் போகிறது என்று அர்த்தம். சமையல்காரர்கள் அதைக் கேட்டுத்தான் சோற்றுச் சட்டியைத் திறப்பார்கள்.

"நாளைக்குக் காலமை பொன்னுருக்கு," என்றார் ஜெயரட்ணம். "அதுக்குள்ள எனக்கு முடிவு வேணும்."

யோகா கோப்பையைக் கீழே வைத்தாள். தாலிக்கான பொன்னை மாப்பிள்ளை வீட்டில் வைத்து உருக்குகிற சடங்கு அது. பொன் உருகிய பிறகு கலியாணத்தை நிறுத்திய ஒரு குடும்பத்தை அவள் இதுவரை பார்த்ததில்லை. நிறுத்துகிறவர்கள் பொன் கட்டியாக இருக்கும்போதே நிறுத்திவிடுவார்கள்.

"ஆரின்ர கலியாணம், ஐயா?"

"என்ர மகள் ராகவி. மாப்பிள்ளை சஞ்சீவ். நேர்ஸ்." கடைசிச் சொல்லைக் குப்பைப் பையை வாசலில் வைப்பதுபோல் தள்ளி வைத்தார். "சரி, நேர்ஸ் எண்டாலும் பரவாயில்லை எண்டு நான் பெருந்தன்மையா விட்டனான். வடக்கில சாண்ட்ஃபிளை பொயிண்ட் எண்ட ஊரில கிளினிக். வியாழக்கிழமையில பெலிகன் ரிவர் எண்ட மற்ற ஊருக்குப் பிளேனில போய் வருத்தக்காரரைப் பாக்கிறவர். ரெண்டு ஊரும் எனக்கு வீட்டு முற்றம் மாதிரி. நாப்பது தரம் பறந்திருப்பன்."

"அப்ப நல்லதுதானே. மாமனும் மருமகனும் கதைக்க விஷயம் இருக்கும்."

"அதில தான் பெடியன் பிடிபட்டவன்!" ஜெயரட்ணம் குரலைத் தாழ்த்தினார். அவர் குரலைத் தாழ்த்தினால் சாதாரண மனிதர் பேசுகிற அளவுக்கு வரும். "வியாழன் காலமை ஒன்பது மணிக்கு ராகவிக்கு 'வெளிக்கிடுறன்' எண்டு மெசேஜ் போடுறார். 'வந்திட்டன்' எண்ட மெசேஜ் பன்ரண்டு மணிக்குத்தான் வருது. ஒவ்வொரு கிழமையும் மூண்டு மணித்தியாலம். இப்ப இதைப் பாருங்கோ."

போனை நீட்டினார். உலகத்தில் எந்த இரண்டு ஊரைச் சொன்னாலும் நடுவில் எவ்வளவு தூரம், பறக்க எவ்வளவு நேரம் என்று சொல்கிற ஒரு இணையத்தளம். வரைபடத்தின் உச்சியில் இரண்டு சிவப்புப் புள்ளிகள், அவற்றுக்கு நடுவே ஒரு கோடு. தூரம்: 160 கிலோமீட்டர். பறக்கும் நேரம்: 11 நிமிடம்.

"பதினொரு நிமிஷம்," என்றார் ஜெயரட்ணம். "மிச்சம் ரெண்டு மணித்தியாலம் நாப்பத்தொன்பது நிமிஷம். நான் எஞ்சினியர். மிச்சத்தை விட்டுப்போட்டுப் போற ஆள் இல்லை. அந்த நேரத்தை ஆரோட செலவழிக்கிறார்?"

"சார்," என்றான் கிரண், "பதினோரு நிமிஷத்துல எனக்கு இந்த ஸ்டேஷன் பக்கத்துல பார்க்கிங்கே கிடைக்காது."

ஜெயரட்ணம் அவனை ஒரு மேசை பேசிவிட்டதுபோலப் பார்த்தார்.

"வேற ஏதும் சந்தேகம் இருக்கோ?" என்று யோகா கேட்டாள்.

"வளர்ப்புச் சரியில்லை. போன கிழமை எங்கட வீட்டில சாப்பாடு. நான் வடக்கைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறன். நடுவில புகுந்து கேக்கிறார், 'அங்கிள், நீங்கள் அப்ப எத்தினை கிலோ?' என்ர மனுசிக்கு முன்னால! நான் என்ன, கடையில தொங்குற ஆட்டுக் காலோ?"

கிரணுக்கு இருமல் வந்தது. தண்ணீர் குடிக்கும் சாக்கில் திரும்பி நின்றான்.

"கலியாணத்தைத் தள்ளி வைப்பம் எண்டன். பிள்ளை கேக்கேல்ல. மருந்துக்கடை வேலையையும் விட்டிட்டா, கலியாணம் முடிய அவரோட அங்க போகப் போறாவாம். நீங்கள் ஒரே ஒரு வரி சொன்னால் காணும். 'சந்தேகத்துக்கு இடமிருக்கு.' மிச்சத்தை நான் பாத்துக்கொள்ளுவன்."

அவர் போன பிறகும் அவருடைய வாசனைத் திரவியம் கொஞ்ச நேரம் கதிரையில் உட்கார்ந்திருந்தது.

"விடையை எழுதிட்டு வந்து கேள்வியைக் கண்டுபிடிச்சுக் குடுங்கன்றார்," என்றான் கிரண். "நாம எதுக்குக்கா? அந்த ஒரு வரியை அவரே எழுதிக்கலாமே."

யோகா ஆறிப்போன தேத்தண்ணியை ஒரு வாய் குடித்தாள். சோற்றில் கல் கடிபட்டதுபோல் எங்கேயோ ஒன்று தட்டுப்பட்டிருந்தது. எந்தக் கவளத்தில் என்றுதான் தெரியவில்லை. மாப்பிள்ளையைச் சந்தேகிக்கும் தகப்பன்மார் அவளிடம் நிறைய வந்திருக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் சந்தேகம் பொய்யாகிவிட வேண்டுமே என்று நடுங்கிக்கொண்டு வருவார்கள். இந்த மனிதர் அது மெய்யாகிவிட வேண்டுமே என்று நடுங்கிக்கொண்டு வந்திருந்தார்.

"வேலையை விட்டிட்டு நிக்கிற பிள்ளை," என்று எழுந்தாள். முழங்கால் ஒரு தடவை முறையிட்டது. "நாளைக்குப் பொன் உருகேல்ல எண்டா அவளுக்கு வேலையும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை. காரை எடு."

*

சஞ்சீவ் தங்கியிருந்த பெரியப்பா வீடு இரண்டு தெரு தள்ளி இருந்தது. மறுநாள் சடங்குக்குக் கார் நிறுத்தும் கராஜைச் சோடித்துக்கொண்டிருந்தார்கள். முன்பு இந்த வீட்டில் ஒரு பொன்னுருக்கை வரவேற்பறையில் வைத்தபோது, பொன் உருகுவதற்கு முன் கூரையிலிருந்த புகை அலாரம் உருகிக் கத்தி, தீயணைப்பு வண்டி வந்து, ஐயர் மந்திரத்தை வாசலில் நின்று முடிக்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து மங்கலம் எல்லாம் கராஜுக்குள்தான்.

ஏணியில் நின்று பிளாஸ்டிக் மாவிலை கட்டிக்கொண்டிருந்தவன்தான் மாப்பிள்ளை. முப்பத்து நாலு வயதிருக்கும். ஷிப்ட் வேலை செய்கிறவர்களுக்கே உரிய கண்கள். சின்ன வெள்ளைச் சப்பாத்துகள், அடியிலிருந்து பாதி வரை செங்கல் நிறத்தில் கறைபட்டிருந்தன.

"வணக்கம்ங்க," என்றான் கிரண். "நாளைக்குச் சேர் வாடகைக்கு..."

"கதிரை நேற்றே வந்திட்டுது, அண்ணை." சஞ்சீவ் இறங்கினான். "அங்கிள் அனுப்பினவரோ?"

கிரண் யோகாவைப் பார்த்தான். மாறுவேடம் இவ்வளவு சீக்கிரம் கலைந்தது அவனுக்கே ஒரு சாதனை.

"ஓம், தம்பி," என்றாள் யோகா. பொய் சொல்வதற்கும் ஒரு சக்தி வேண்டும். "வியாழக்கிழமையில மூண்டு மணித்தியாலம் எங்க போகுது?"

சஞ்சீவ் சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டு ஒரு கதிரையில் அமர்ந்தான்.

"அந்த வெப்சைட்டை எனக்கும் காட்டினவர். அது பெரிய ஜெட் பிளேன் நேர்கோட்டில போற கணக்கு, அக்கா. அந்த ஜெட் எங்கட ஊரில இறங்கினா ஓடுபாதை முடிஞ்சு, கிளினிக் முடிஞ்சு, கடலுக்கதான் போய் நிக்கும்."

"அப்ப நீர் போறது எதில?"

"ஒற்றை எஞ்சின். தபால் போகும், மருந்து போகும், கடைக்கு உறைஞ்ச கோழி போகும். மிச்சம் இடம் இருந்தா மனிசரும் போகலாம். தகரக் கொட்டிலுக்க போய் நிண்டா பைலட் முதல்ல தராசில ஏத்துவார்."

"எதை? கோழியையா?" என்றான் கிரண்.

"என்னை, அண்ணை. பையையும் தூக்கிக்கொண்டு ஏற வேணும். எத்தினை கிலோ எண்டு எல்லாருக்கும் கேக்கச் சத்தமாச் சொல்லுவார். பாரமான ஆள் முன்னுக்கு, மெலிஞ்ச ஆள் கோழியோட பின்னுக்கு. டொக்டர் வந்தாலும் தராசு, மந்திரி வந்தாலும் தராசு. அங்க ரெண்டு பேர் சந்திச்சா முதல் கதையே அதுதான். நீ இப்ப எத்தினை கிலோ? தீபாவளிக்கு அம்மா அனுப்பின பலகாரத்தில எனக்கு மூண்டு கிலோ கூடினது ஊருக்கே தெரியும்."

யோகாவின் பல்லில் அந்தக் கல் மறுபடி தட்டியது. இப்போது எந்தக் கவளம் என்று தெரிந்தது.

"ஏறினாலும் பெலிகன் ரிவருக்கு நேரே போகாது," என்று சஞ்சீவ் தொடர்ந்தான். "முதல்ல எதிர்த் திசையில ஒரு தீவு. அங்க தபால் குடுத்து, பைலட் தேத்தண்ணி குடிச்சு, பேந்து ஒரு மாட்டுப் பண்ணை. அதுக்குப் பிறகுதான் நாங்கள்."

"நம்ம ஊர் டவுன் பஸ் மாதிரி."

"பஸ் குதிரை கலைக்காதே, அண்ணை. ஓடுபாதையில குதிரை நிண்டா பைலட் ஒருக்காப் பதிஞ்சு பறந்து கலைச்சுப்போட்டுத் திரும்பி வருவார். மூண்டு மணித்தியாலம் எண்டா அது நல்ல நாள். மாரி காலம் எண்டா அடுத்த கிழமை."

சொன்னதையெல்லாம் நம்புகிற வயதை யோகா தாண்டியிருந்தாள். அந்த விமானக் கம்பனியின் இலக்கத்தை வாங்கி, அங்கேயே நின்று கூப்பிட்டாள். வியாழக்கிழமை ஒரு இருக்கை வேண்டும் என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்ததுதான். மறுமுனையில் இருந்த பெண் பெயரைக் கேட்கவில்லை, எந்த ஊர் என்று கேட்கவில்லை. "எத்தனை கிலோ, டார்லிங்? உண்மையான கிலோ," என்றாள்.

கிரண் காதைத் தீட்டிக்கொண்டு திரும்பினான். யோகா பதில் சொல்வதற்காகத் தெரு வரை நடந்து போனாள்.

திரும்பி வந்தபோது அவளுக்கு வேண்டியது கிடைத்திருந்தது. தீவு, பண்ணை, பிறகு பெலிகன் ரிவர். குதிரை இல்லாவிட்டால் மூன்று மணித்தியாலம்.

"கேஸ் முடிஞ்சுது," என்றான் கிரண். "ரெண்டு மணி நாப்பத்தொம்பது நிமிஷமும் கோழி கூடத்தான் இருந்திருக்காரு."

"மாப்பிள்ளையின்ர கேஸ் முடிஞ்சுது," என்றாள் யோகா. "தம்பி, அண்டைக்குச் சாப்பாட்டு மேசையில அங்கிளிட்ட எத்தினை கிலோ எண்டு கேட்டனீர். அதுக்குப் பிறகு என்ன சொன்னனீர்?"

சஞ்சீவ் யோசித்தான். "பெரிசா ஒண்டும் இல்லை. எங்கட கிளினிக் மனேஜர் மரியன் கலியாணத்துக்கு வாறா எண்டன். முப்பத்திரண்டு வருஷமா அங்கதான். அந்த ஓடுபாதையில இறங்கின எல்லாரையும் தெரியும், உங்களைக் கண்டாச் சந்தோஷப்படுவா எண்டன். அங்கிள் சோத்தைப் பாதியில விட்டிட்டு எழும்பிட்டார். கறி உறைப்பாக்கும் எண்டு நினைச்சன்."

"அவ எப்ப வாறா?"

"வந்திட்டா. நாளைக்குப் பொன்னுருக்குப் பாக்க வேணுமாம்."

யோகா அவன் சப்பாத்துகளைப் பார்த்தாள். அவனும் குனிந்து பார்த்து வெட்கப்பட்டான். "ராகவி மூண்டு தரம் தோய்ச்சுப் பாத்திட்டா, அக்கா. அங்கத்தை மண் ஒருக்கா ஒட்டினா ஒட்டினதுதான்."

*

நார்த்மீட்டில் ஜெயரட்ணத்தின் வீட்டுக்கு முன்னால் இரண்டு தூண்கள் இருந்தன. எதையும் தாங்கவில்லை. கௌரவத்தை வேண்டுமானால் தாங்கின என்று சொல்லலாம்.

கதவைத் திறந்தவள் ராகவி. கையில் மருதாணி காய்ந்துகொண்டிருந்ததால் முழங்கையால் திறந்தாள். "அன்ரி, நீங்கள் மேக்கப்புக்கு வந்தனீங்களோ?"

யோகாவின் முகத்தைப் பார்த்து யாரும் இதுவரை கேட்காத கேள்வி. "இல்லை, பிள்ளை. அப்பாவைப் பாக்க."

"ஓ, ஓகே. அப்பா ஒரு கிழமையா ரொம்ப ஸ்ட்ரெஸ்ட். நான் தூரம் போறன் எண்டு கவலையாக்கும்." அவள் சிரித்தாள். "நான் சொன்னன், டோண்ட் வொறி, வழி தெரிஞ்சவர் நீங்கள்தானே, முதல் விசிட் நீங்கள்தான் வரவேணும், ஜனவரிக்கே பிளேன் புக் பண்ணுவம் எண்டு. அதுக்குப் பிறகு இன்னும் ஸ்ட்ரெஸ்ட்!"

கிரண் யோகாவைப் பார்த்தான். யோகா பார்க்காததுபோல் உள்ளே நடந்தாள்.

வரவேற்பறைச் சுவர் முழுக்க அந்தப் படம்: சின்ன விமானம், இறக்கையில் கை, இளவயது ஜெயரட்ணம். படத்துக்கென்று தனியாக ஒரு விளக்கு. குசினிக்குள் ஜெயரட்ணத்தின் மனைவி சத்தியபாமா பயித்தம் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தார். எண்ணெய்ச் சத்தம் கேட்டது. ராகவி மேலே போகும்வரை ஜெயரட்ணம் காத்திருந்தார்.

"ஒரு வரி?" என்றார்.

"மாப்பிள்ளையில பிழை இல்லை."

"அப்ப வெப்சைட் பொய்யோ?"

"அது ஜெட்டின்ர கணக்கு. அங்க போறது வழியில ரெண்டு இடத்தில நிண்டு போற தபால் பிளேன். கம்பனியிட்டக் கேட்டிட்டன்." யோகா கதிரையில் அமர்ந்தாள், சொல்லாமலே. "எனக்கு விளங்காதது வேற ஒண்டு, ஐயா. நான் இருபத்தைஞ்சு வருஷமா வென்ட்வேர்த்வில்லில இருந்து பரமட்டாவுக்குப் போய் வாறன். எவ்வளவு நேரம் எண்டு ஒரு நாளும் ஒரு வெப்சைட்டிலயும் தேடினதில்லை."

ஜெயரட்ணம் சுவரிலிருந்த படத்தைப் பார்த்தார்.

"நாப்பது தரம் பறந்த பாதை. நீங்கள் ஏன் தேடினனீங்கள்?"

குசினியில் எண்ணெய்ச் சத்தம் நின்றது.

"பதினொரு நிமிஷம் எண்டு கண்ட உடனே உங்களுக்குச் சிரிப்பு வந்திருக்க வேணும். அங்க ஒருக்காப் போய் வந்த ஆளும் சிரிச்சிருக்கும். நீங்கள் நம்பினீங்கள். மாப்பிள்ளை எத்தினை கிலோ எண்டு கேட்டது மரியாதைக்கேடு இல்லை, ஐயா. அந்தப் பிளேனில ஆளை நிறுத்துத்தான் ஏத்துவினம். பறந்தவைக்குள்ள அது ஒரு சுகம் விசாரிக்கிற மாதிரி."

"எங்கட காலத்தில நிறுக்கேல்ல!" என்றார் ஜெயரட்ணம். "எங்கட காலத்தில மரியாதை இருந்தது!"

"பிளேனுக்கு மரியாதை தெரியாதே சார், வெயிட்டுதானே தெரியும்," என்றான் கிரண். படத்துக்கு அருகே போய்க் குனிந்தான். "நாப்பது தடவை அந்தச் செம்மண்ணுல இறங்கியிருக்கீங்க. இதுல உங்க ஷூவுல நான் முகம் பார்த்து ஷேவ் பண்ணலாம்."

"அது பாங்ஸ்டவுனில எடுத்தது," என்றது ஒரு குரல்.

சத்தியபாமா எண்ணெய்க் கரண்டியோடு குசினி வாசலில் நின்றார்.

"விமானக் கண்காட்சி. நான்தான் எடுத்தனான். பக்கத்தில ஐஸ்கிறீம் வான் ஒண்டு நிண்டது. அதை வெட்டிப்போட்டுப் பெருப்பிச்சவர்." குரலில் கோபம் இல்லை, முப்பது வருடமாகக் கேட்ட கதையின் அலுப்பு மட்டும் இருந்தது. "இவர் மெல்பேர்ண் போற பெரிய பிளேனிலயே கண்ணை மூடிக்கொண்டு நல்லூர்க் கந்தனைக் கூப்பிடுற ஆள். சின்னப் பிளேனில ஏறுவாரோ?"

"பாமா!"

"அப்ப வடக்கில வேலை செஞ்சது?" என்று கிரண் கேட்டான்.

"வடக்குக்குத்தான் வேலை. செய்தது பரமட்டாவில. அந்த ரெண்டு ஊருக்கும் தண்ணித் தாங்கி நிக்கிற இரும்புக் காலுக்கு இவர்தான் பிளான் கீறினவர். ஒரு வருஷம் இருந்து கீறினவர். நல்ல வேலைக்காரன், தம்பி. ஆனால் மேசையில இருந்து கீறினன் எண்டா ஆர் மைக் குடுப்பினம்?"

"முதலை?"

"அது பேந்து சேத்தது."

ஜெயரட்ணம் மெதுவாக உட்கார்ந்தார். முகவரி அட்டையில் இருந்த பட்டங்கள் ஒவ்வொன்றாக இறங்கிப் போனதுபோல், கதிரையில் மிஞ்சியது ஒரு சின்ன மனிதர்.

சத்தியபாமா அப்போதுதான் முழுதும் கூட்டிப் பார்த்தார். அவர் கண் படத்திலிருந்து புருஷனுக்கு வந்தது.

"உந்தப் படத்துக்காகவோ," என்றார் மிக மெதுவாக, "பிள்ளையின்ர கலியாணத்தை நிப்பாட்டப் பாத்தனீங்கள்?"

மேலே தலைமுடி உலர்த்தும் யந்திரத்தின் சத்தத்தோடு ராகவி ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். சுருதி சேரவில்லை. சந்தோஷமாக இருக்கிறவர்கள் அதைக் கவனிப்பதில்லை.

"அந்த வெள்ளைக்காரி எல்லாருக்கும் முன்னால என்னைக் கேட்டா," என்றார் ஜெயரட்ணம் தரையைப் பார்த்து, "நான் என்ன சொல்லுறது?"

யோகாவுக்குத் தலை வலித்தது. பொய்க் கழுத்துவலிக்காரர்களும் கடைசியில் இதே குரலில்தான் பேசுவார்கள். தண்டிப்பதற்குக் கொஞ்சம் உற்சாகம் வேண்டும். அவளிடம் வீட்டுக்குப் போகும் அளவுதான் மிச்சம் இருந்தது.

"அவவை நான் பாத்துக்கொள்ளுறன். நீங்கள் நாளைக்கு வாங்கோ. பொன் உருகட்டும்."

"வருவார்," என்றார் சத்தியபாமா. கரண்டியிலிருந்து ஒரு சொட்டு எண்ணெய் கம்பளத்தில் விழுந்தது. அவர் துடைக்கவில்லை. "வந்து வாய் திறக்க மாட்டார்."

காரில் ஏறியதும் யோகா சஞ்சீவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னாள்.

"அந்தத் தாங்கியா?" என்றான் சஞ்சீவ். "அக்கா, எங்கட கிளினிக்குக்கு நேர முன்னால நிக்குது. அதின்ர நிழலில இருந்துதான் சனம் தங்கட முறைக்குக் காத்திருக்கும். அதை அங்கிள் முதல்லயே சொல்லியிருக்கலாமே?"

*

ஞாயிறு காலை கராஜில் அறுபது பேர் நின்றார்கள். கார் எண்ணெய் மணமும் சாம்பிராணி மணமும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்கவில்லை. வழக்கப்படி மணப்பெண் வரவில்லை. அவளுடைய வீட்டார் மட்டும் வந்திருந்தார்கள். ஜெயரட்ணம் பட்டு வேட்டியில், மனைவிக்கும் சுவருக்கும் இடையில் நிறுத்தப்பட்டிருந்தார்.

நகை செய்யும் பத்தர் காஸ் சுவாலையைத் தீட்டினார். பொன் நாணயம் முதலில் சிவந்தது, பிறகு ஓரம் கரைந்தது, பிறகு நடுங்கும் ஒரு துளியாகத் திரண்டது. தாய்மார் கண்ணைத் துடைத்தார்கள். சஞ்சீவ் போனில் படம் எடுத்து நார்த்மீட்டில் இருந்த ராகவிக்கு அனுப்பினான். அடுத்த நொடியே பதில் வந்திருக்க வேண்டும். அவன் முகத்தில் இருந்த களைப்பு முழுவதும் ஒரே தடவையில் இறங்கியது.

உருகியது உருகியதுதான். யோகா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு பணியாரத் தட்டைப் பார்த்தாள். அவளுக்கு இருபது நிமிடம் உட்கார ஒரு இடம் போதும்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு நரைத்த தலையோடு உயரமான ஒரு பெண் வந்தார். மரியன். கட்டத் தெரியாமல் கட்டிய சேலை, அதற்குக் கீழே செங்கல் நிறச் சப்பாத்து. ஜெயரட்ணம் பின்னால் நகரப் பார்த்தார். பின்னால் சுவர்.

மரியன் அவருடைய கையை இரண்டு கைகளாலும் பிடித்தார். "சஞ்சீவ் சொன்னான்," என்றார் ஆங்கிலத்தில், எல்லோருக்கும் கேட்க. "எங்கள் தண்ணீர்த் தாங்கியின் கால்களை வரைந்தவர் நீங்களாமே. எத்தனை புயல் வந்தது. கூரைகள் போயின, கடை போயிற்று. தாங்கி ஒரு விரல்கூட அசையவில்லை. இன்றைக்கும் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறோம். உங்கள் கையைப் பிடிக்க வேண்டும் என்றுதான் வந்தேன்."

ஜெயரட்ணம் கையை இழுத்துக்கொள்ளவில்லை. இத்தனை மேடை ஏறியும், அவர் உண்மையிலேயே செய்த ஒன்றுக்காக ஒருவரும் அவரைப் பாராட்டியதில்லை. அவர் சொல்லாததால் யாருக்கும் தெரியவில்லை.

"ஓம்," என்றார், ஆங்கிலம் மறந்துபோய். பிறகு, தாழ்ந்த, சாதாரண குரலில், "நான்தான் கீறினனான். பரமட்டாவில இருந்து."

சத்தியபாமா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். யோகா ஒரு பிளாஸ்டிக் கதிரையைக் கண்டுபிடித்து அமர்ந்தாள். தேத்தண்ணி வந்தது, சூடாகவும் இருந்தது. இந்தத் தொழிலில் இப்படி ஒரு காலை எப்போதாவதுதான் வாய்க்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஜெயரட்ணத்தைச் சுற்றி மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் கூடினார்கள். புயலுக்கும் அசையவில்லையாமே, எவ்வளவு உயரம், எத்தனை கால் என்று கேட்டார்கள். அவர் பதவிசாகப் பதில் சொன்னார். சத்தியபாமா நிம்மதியாகப் பணியாரம் பரிமாறப் போனார். அது தவறு.

"அப்ப அங்க போய் நிண்டு கட்டினதும் நீங்களோ, அண்ணை?" என்று ஒருவர் கேட்டார்.

யோகா கோப்பையை உதட்டுக்குப் பாதி வழியில் நிறுத்தினாள். ஜெயரட்ணம் சுற்றிலும் பார்த்தார். ஏழெட்டு முகங்கள், எல்லாம் அவரை நோக்கி. மரியன் தூரத்தில் மாப்பிள்ளையின் தாயோடு. மெல்ல மெல்ல அவருடைய நெஞ்சு நிமிர்ந்தது.

"கடைசி நட்டை என்ர கையாலதான் முறுக்கினனான்," என்றார். "சின்னப் பிளேன். முதல்ல எங்களை நிறுப்பினம், தெரியுமே? நான் அப்ப அறுபத்திரண்டு கிலோ. ஏணியில நிண்டு கீழ பாக்கிறன், தண்ணிக்க ஒரு முதலை..."

மூலையில் நின்ற சமையல்காரர் அனிச்சையாகச் சோற்றுச் சட்டியைத் திறந்தார்.

கிரண் யோகாவின் காதருகே குனிந்தான். "உண்மை எவ்வளவு நேரம் தாங்கிச்சுக்கா?"

யோகா கடிகாரத்தைப் பார்த்தாள்.

"பதினொரு நிமிஷம்கூட வரேல்ல," என்றாள்.